ஆறு டப்பா பெல்லட், ஒரு பழைய எல்பி10, முப்பது கல்யாணப் பத்திரிகை

ஏர் பிஸ்டல் சுடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு பெல்லட் என்கிற குட்டி ஈயக் குண்டின் பக்கம் திரும்பிவிடும். ஒருத்தர் 4.49 சைஸ்தான் எல்லாத் துப்பாக்கிக்கும் சரி என்பார், இன்னொருத்தர் 4.50ஐத் தவிர எதையும் தொடமாட்டார், மூன்றாமவர் இரண்டையும் கேட்டுவிட்டு “எது மலிவோ அதைப் போடுப்பா” என்று எழுந்து போய்விடுவார். பத்து வருஷமாக நானும் அந்த மூன்றாமவர் கட்சி. ஆனால் போன சீசனில் தொடர்ந்து பத்துக்கு எட்டு, எட்டரையாக விழுந்து கடுப்பானபோது, பழியைக் கையில் போடுவதா டப்பாவில் போடுவதா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஆறு டப்பா வாங்கி, துப்பாக்கியை வைஸில் (பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி) கட்டி, சுட்டுப் பார்த்துவிட்டேன்.

துப்பாக்கி செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஸ்டெயர் எல்பி10. பெல்லட்டுகள் இவை: எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் லைட்டில் 4.49, 4.50 இரண்டும், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச் பிஸ்டலுக்கான 0.45 கிராம், ஜே.எஸ்.பி. மேட்ச் லைட், பயிற்சிக்கென்று விற்கும் ஆர்.டபிள்யூ.எஸ். பேசிக், அப்புறம் பேர் சொல்லாமல் விடப்போகிற ஒரு மலிவு டப்பா.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர் பிஸ்டல் பெல்லட்டை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தால் குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் தட்டையான தலை, நடுவில் இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. தலை பேரல் என்கிற குழலுக்குள் இருக்கும் வரிகளைப் பிடித்துச் சுழலும், பாவாடை காற்றை அடைத்துக்கொள்ளும். டப்பாவில் ஒட்டியிருக்கும் 4.49, 4.50 என்பது அந்தத் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். வித்தியாசம் 0.01. தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைவு. அதற்குப் போய் இவ்வளவு சண்டையா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவு சண்டைதான்.

வைஸில் கட்டும்போது கவனிக்க வேண்டியது, பேரலையும் சிலிண்டரையும் கவ்வக் கூடாது. சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கிறது, அதை இரும்புத் தாடையில் நெரிப்பது வேண்டாத வேலை. பேரலை நெரித்தாலோ சோதனையே பொய்யாகிவிடும். மரப் பிடியைக் கழற்றிவிட்டு, ஃப்ரேமை மட்டும் பழைய சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்துக் கவ்வினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் அசையவில்லை.

குறிக்கு வாங்கும் டார்கெட் தாள் தேவையில்லை, வைஸுக்குக் கண் கிடையாது. வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் உள் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டேன். கெட்டி அட்டையில் தட்டை மூக்குப் பெல்லட் பஞ்ச் மெஷின் போட்டது போலச் சுத்தமாக ஓட்டை போடும், மெல்லிய தாளில் கிழித்துக்கொண்டு போய்விடும், வெர்னியர் வைத்து அளக்க முடியாது. பிள்ளையார் சுழிப் பக்கத்தைத் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. பின்பக்க வெள்ளையில்தான் சுட்டேன், நம்புங்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு டப்பாவுக்கும் ஆளுக்கு ஒரு குரூப், அதாவது ஒரே இடத்தில் ஐந்து ஐந்து குண்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றனவோ அவ்வளவு நல்லது. ஃபினாலே 4.50 ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 5.9 மி.மீ. பெல்லட்டே 4.5 மி.மீ. என்பதால் ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டை. அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், இராத்திரியே பத்து டப்பா ஆர்டர் போடப் போனேன், சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருந்ததால் தப்பித்தேன்.

ஏனென்றால் மறுநாள் அதே டப்பா, அதே வைஸ், 8.8 மி.மீ.

ஐந்து குண்டு எதையும் சொல்லாது. அதிர்ஷ்டம் இருந்தால் சுமாரான பெல்லட்டும் ஒருமுறை ஒற்றை ஓட்டை போடும். துப்பாக்கியோடு வரும், கம்பெனியே சுட்டுப் பார்த்த ஃபாக்டரி டெஸ்ட் கார்டைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கும் இதேதான். இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. ஒரு பெல்லட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் முதல் சில குண்டுகள் கொஞ்சம் தள்ளித்தான் விழுகின்றன, பேரலுக்குள் படிந்திருக்கும் பழைய ஈயம் மாறி இது பழக வேண்டும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து குண்டு சும்மா விட்டு, அப்புறம் ஐந்து குண்டு வீதம் ஐந்து குரூப் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு டப்பா, 150 குண்டு, முப்பது அட்டை, இரண்டு சாயங்காலம்.

சராசரியாக வந்தது இது, என் துப்பாக்கியில், இந்த லாட்டில் (ஒரே தடவையில் தயாரான சரக்கில்) மட்டும். ஃபினாலே 4.49 போட்டது 6.7 மி.மீ., ஆர்10 அதை ஒட்டி 6.8. ஜே.எஸ்.பி. 7.1, ஃபினாலே 4.50 7.4. பயிற்சிப் பெல்லட்டான பேசிக் 8.3, அதன் விலைக்கு இது எனக்குப் பெரிய ஆச்சரியம். மலிவு டப்பா 12.1, அதன் மோசமான குரூப் 15.5. முதல் நாலுக்குள் நடப்பது சில்லறைச் சண்டை, என் பேரல் 4.49ஐக் கொஞ்சம் விரும்புகிறது, உங்களது 4.51 கேட்கலாம். மலிவு டப்பாவில் மட்டும் சண்டைக்கே இடமில்லை. கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன், பத்தில் ஒன்றாவது தள்ளாடியது. சிலதில் பாவாடை ஓரம் மடிந்திருந்தது, ஒன்றிரண்டில் ஈயப் பிசிறு ஒட்டிக்கொண்டு நின்றது.

இப்போது கணக்கு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தின் வட்டம் 11.5 மி.மீ. விட்டம். விளிம்பைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். மலிவு டப்பா அதில் கிட்டத்தட்ட பாதியை, 4 மி.மீ.யை (12.1இல் பெல்லட்டின் 4.5ஐக் கழித்து, அதில் பாதி), தானே தின்றுவிடுகிறது. ஃபினாலே தின்பது 1 மி.மீ. சொச்சம். அதாவது கை துல்லியமாக இருந்தால் மலிவு டப்பாவிலும் பத்துதான், அதன் ஆக மோசமான குரூப்பும் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டது. கை ஏற்கெனவே 5, 6 மி.மீ. தள்ளிப்போன குண்டில்தான் பெல்லட் காலை வாரும்.

ஃபைனலில் தசமத்தில் எண்ணும்போது கதை வேறு. அங்கே 0.8 மி.மீ. தள்ளினால் 0.1 போச்சு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலத்தோடு நின்றபோது அவருடைய கணக்கு 221.7, அந்த நேரத்தில் கொரியாவின் கிம் யேஜியுடையது 221.8. இருபத்திரண்டு குண்டுக்கு அப்புறம் ஒற்றை 0.1. அந்த உயரத்தில் சுடுகிறவர்கள் லாட் லாட்டாகச் சோதித்து எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நான் அந்த உயரத்தில் இல்லை என்பதை என் மகள் நிரூபித்தாள். முட்டை அட்டை ஒன்றில் முப்பது குழி. பதினைந்தில் ஃபினாலே, பதினைந்தில் மலிவு, கலந்து போட்டு எது எங்கே என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். கையில் பிடித்துச் சுட்டேன், ஒவ்வொன்றுக்கும் இது நல்லது, இது மட்டம் என்று நானே தீர்ப்பும் சொன்னேன். ஃபினாலே 150க்கு 138, மலிவு 135. என் தீர்ப்பில் சரியானது பதினாறு. “காசு சுண்டியிருந்தாலும் பதினஞ்சு வந்திருக்கும்பா” என்றாள். பக்கத்து லேனில் நின்ற எங்கள் மாஸ்டர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், ஒன்பதாவது குண்டுல ட்ரிக்கரை வெடுக்குன்னு இழுத்தீங்களே, அது எந்த டப்பா?” என்றார். அது ஃபினாலே. ஆறு.

கடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஒரு டீலரிடம் 4.49 கேட்டால் 4.50 வந்தது, ஃபோன் போட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார். இன்னொரு இடத்திலிருந்து கூரியரில் வந்த டப்பாவுக்கு ஒரு சுற்று நியூஸ்பேப்பர்தான் உறை. உள்ளே ஐந்நூறு குண்டும் ஒன்றோடொன்று மோதி, மேல் அடுக்கில் பாவாடை நசுங்கிக் கிடந்தது. டப்பாவின் மேல்புறம் பஞ்சு வைத்து அடைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள். வந்ததும் ஸ்டிக்கரில் ஹெட் சைஸையும் லாட் நம்பரையும் பாருங்கள், திறந்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். எல்லாம் ஈயம், சோப்பு போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியில் கை வைக்க வேண்டாம்.

கடைசியில் நான் வாங்கியது பேசிக் ஆறு டப்பா, பயிற்சிக்கு. ஃபினாலே 4.49 இரண்டு, இரண்டும் ஒரே லாட், போட்டிக்கும் அதற்கு முந்தின வாரத்துக்கும். மலிவு டப்பாவில் மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் இருக்கிறது, வேண்டுமென்பவர்கள் எங்கள் கிளப்புக்கு வந்து சும்மாவே எடுத்துப் போகலாம், டப்பா மட்டும் எனக்கு வேண்டும், ஸ்க்ரூ போட்டு வைக்க வசதியாக இருக்கிறது.