புராஜெக்ட்: செமஸ்டர் கடைசியிலா, முதல் வாரத்திலிருந்தா?

மூன்றாம் ஆண்டு எம்பெடெட் சிஸ்டம்ஸ் (கருவிக்குள் சிறு கணினியைப் பொருத்தி இயக்கும் பாடம்) வகுப்பு. 60 மாணவர், 15 வாரம், வாரத்துக்கு 4 மணி நேரம். இதை இரண்டு விதமாக நடத்தலாம்.

பழக்கமான வழியில் 12 வாரம் போர்டில் பாடம், கடைசி 3 வாரம் மினி புராஜெக்ட். சிலபஸ் முடிந்துவிடும். ஆனால் சர்க்யூட் ஓடவில்லை என்றால் திருத்த நாள் இருக்காது. அதனால்தான் சீனியரின் ரிப்போர்ட் பெயர் மாறி வருகிறது, ரெடிமேட் கிட் விலைக்கு வருகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை.

கலப்பு வழியில் விளக்கம் வீடியோவுக்குப் போகும், வகுப்பு நேரம் முதல் வாரத்திலிருந்தே செய்முறைக்கு வரும். ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று யூ.ஜி.சி. 2021-இல் வெளியிட்ட வரைவு சொன்னது. நம் கணக்கில் வாரம் ஒன்றரை மணி நேரம். என்பிடெல் (ஐ.ஐ.டி.களின் இலவச ஆன்லைன் பாடங்கள்) தளத்தின் முழு விரிவுரைக்கு லிங்க் அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்த 2014 ஆய்விலும் 6 நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்கவில்லை. எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று குறித்துக் கொடுங்கள். கூடவே மூன்று கேள்வி வினாடிவினா, வகுப்புக்கு முந்தைய இரவோடு மூடிவிட வேண்டும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், மண் ஈரம் அளக்கும் கருவியில். மலிவான இரட்டை முள் சென்சாருக்கு இடைவிடாமல் மின்சாரம் கொடுத்தால் மின்னாற்பகுப்பில் முள் அரித்துப்போகும். மூன்று வாரப் புராஜெக்ட்டில் இது தெரியவே தெரியாது: டெமோ அன்று ஓடும், மார்க் விழும். ஐந்தாம் வாரமே தொட்டியில் நட்டுவைத்த குழுவுக்கு, சில வாரங்களில் ரீடிங் தடுமாறும். ஒரு குழு அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி புரோகிராமை மாற்றும். இன்னொன்று, உலோகம் மண்ணைத் தொடாமலே அளக்கும் கெபாசிட்டிவ் சென்சாருக்குப் போகும். படைப்பாற்றல் என்று நாம் தேடுவது இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதற்குத் தோற்க அவகாசம் வேண்டும். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியதிலிருந்தே புராஜெக்ட்டை மையமாக வைத்து நடக்கிறது. செமஸ்டரில் ஏறக்குறையப் பாதி அதற்கே.

கலப்பு வழி கவிழ்வதும் உண்டு. வீடியோ பார்க்காதவர்களுக்காக ஆசிரியர் அதையே மறுபடி நடத்தினால், பார்த்தவர்களும் அடுத்த வாரம் நிறுத்திவிடுவார்கள். பார்க்காதவர் முதல் 15 நிமிடம் ஹெட்ஃபோனோடு ஓரமாக உட்காரட்டும். வகுப்பு 4 மணி நேரத்தைக் குறைக்காமல் வீடியோவைக் கூடுதல் சுமையாக்கினால் மாணவர் வெறுப்பார்கள். டைம்டேபிளில் அந்த நேரத்தைக் காலியாக விட வேண்டும்.

நால்வர் குழுவில் ஒருவர் சால்டர் செய்ய, மற்றவர்கள் பிபிடியோடு நின்றுவிடுவார்கள். ரிவியூவுக்கு ரிவியூ வேலையை மாற்றுங்கள். 100-இல் 30 ஓடும் கருவிக்கு, 30 எதை ஏன் மாற்றினோம் என்ற குறிப்பேட்டுக்கு, 25 தனி வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு), 15 வினாடிவினாவுக்கு. குறிப்பேட்டுக்கு மார்க் இல்லாவிட்டால் யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள்.

முழு ஆன்லைன் இந்தப் பாடத்துக்குச் சரிவராது. லூஸ் ஒயரை கேமரா வழியாகக் கண்டுபிடிக்க முடியாது. லேபில் பத்து சர்க்யூட் போர்டுதான், வகுப்பில் 120 பேர் என்றால் பழைய வழியே மேல்.

ஆசிரியரின் நேரத்தையும் முதலிலேயே கணக்கிடுங்கள். 15 குழுவுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் ஒரு ரிவியூவுக்கு இரண்டரை மணி நேரம். இந்த வாரம் எட்டுக் குழு, அடுத்த வாரம் ஏழு என்று பிரித்தால் மிச்ச நேரத்தில் மேசை மேசையாகப் போய்ப் பார்க்க முடியும்.