க்ரூசேடர் கிங்ஸ் 2-ல் எந்தப் பேகன் மதம்? தேர்வுக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

இடைக்கால அரச வம்சம் ஒன்றை நடத்தும் கணினி வியூக விளையாட்டான க்ரூசேடர் கிங்ஸ் 2-இன் அடிப்படை கேம் 2019 அக்டோபரிலிருந்து இலவசம். ஆனால் அதை மட்டும் இறக்கிவிட்டு ஓடின் பக்தனாக ஆட முடியாது. பேகன் மன்னர்களை, அதாவது பழைய நாட்டு மதங்களைப் பின்பற்றுபவர்களை, திறந்துவிடுவது 2013 மே மாதம் வந்த 'தி ஓல்ட் காட்ஸ்' டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு). 867-ஆம் ஆண்டுத் தொடக்கமும் அதோடுதான் வருகிறது. மதச் சீர்திருத்தத்தில், அதாவது பழைய மதத்தை ஒழுங்கான அமைப்புள்ள மதமாக மாற்றும்போது, கோட்பாடுகளை நாமே பொறுக்கி எடுக்க 2018 நவம்பரில் வந்த 'ஹோலி ஃப்யூரி' வேண்டும். புல்வெளி நாடோடிகளாக ஆட 'ஹார்ஸ் லார்ட்ஸ்'. காசு குறைவு என்றால் முதல் இரண்டை மட்டும் வாங்கினால் போதும். ஹோலி ஃப்யூரி இல்லாமலும் சீர்திருத்தம் செய்யலாம்; விளைவு முன்கூட்டியே அச்சடித்து வைத்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் மதத் திரையைத் திறந்து, எந்தக் கடவுளுக்கு எத்தனை போனஸ் என்று கூட்டிப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அது வீண்வேலை. சீர்திருத்தம் ஆகாத பேகன் மதங்கள் எல்லாவற்றுக்கும் சாதக பாதகம் பெரும்பாலும் ஒன்றே. முக்கியமாக வேறுபடுவது மூன்று விஷயங்கள்: புனிதத் தலங்கள் எங்கே இருக்கின்றன, பக்கத்து வீட்டுக்காரன் யார், அவன் எப்போது பலமாகிறான்.

இந்த 'எப்போது' முக்கியம். சீர்திருத்தம் ஆகாத பேகன் நிலத்துக்குள் வேற்று மதத்தார் படையோடு நுழைந்தால், சண்டையே போடாமல் ஆட்கள் உதிர்வார்கள். 9-ஆம் நூற்றாண்டில் ஐயாயிரம் பேரோடு வரும் ஜெர்மானிய டியூக் உங்கள் காட்டுக்குள் கரைந்துபோவதைச் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால் எதிரியின் மிலிட்டரி ஆர்கனைசேஷன் (படை அமைப்பு) தொழில்நுட்பம் 4-ஆம் நிலையைத் தொட்டதும் இந்தக் கவசம் கழன்றுவிடும். அதற்குள் நீங்கள் சீர்திருத்தம் முடித்து, கோட்டைகள் கட்டி, பழங்குடி ஆட்சியிலிருந்து நிலப்பிரபுத்துவத்துக்கு மாறியிருக்க வேண்டும். தொழில்நுட்ப வரைபடத்தை அவ்வப்போது திறந்து எல்லையோர ராஜ்யங்களின் நிலையைப் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால், நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் ஒரே போரில் சரிவது ஏன் என்றே புரியாது.

சீர்திருத்தத்துக்கு மூன்று வேண்டும். ஐந்து புனிதத் தலங்களில் மூன்று உங்கள் ராஜ்யத்துக்குள் இருக்க வேண்டும், மதத்தின் மாரல் அத்தாரிட்டி (அதன் செல்வாக்கு) 50 சதவீதம் இருக்க வேண்டும், கையில் 750 பக்திப் புள்ளி இருக்க வேண்டும். ஆட்டத்தை இழுப்பது பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான். மதப்போர்களில் தோற்றாலும் புனிதத் தலங்கள் கைமாறினாலும் மாரல் அத்தாரிட்டி சரியும்; உங்கள் மதத்தைச் சேர்ந்த வேறொரு ராஜா எங்கோ தோற்றாலும் அடி உங்களுக்கும்தான்.

இனி மதங்களுக்கு வருவோம்.

வைக்கிங்குகளின் நார்ஸ் மதம்தான் எல்லோரும் முதலில் எடுப்பது. எடுக்கவும் வேண்டும். அதன் ஐந்து தலங்கள் உப்லாண்ட் (ஸ்வீடன்), ஷேலாண்ட் (டென்மார்க்), ட்ரோன்டெலாக் (நார்வே), ப்ரவுன்ஷ்வைக் (ஜெர்மனி), ஸீலாண்ட் (நெதர்லாந்து). முதல் மூன்றும் ஸ்காண்டிநேவியாவுக்குள்ளேயே இருக்கின்றன, 867-ல் மூன்றுமே நார்ஸ்காரர்கள் கையில். கிறிஸ்தவர்களோடு மோதாமலே சீர்திருத்தத்தின் நிலக் கணக்கை முடித்துவிடலாம். இந்த வசதி வேறு எந்தப் பேகன் மதத்துக்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. உப்லாண்டில் தொடங்குங்கள். பேகன்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் 'சப்ஜுகேஷன்' போர்க்காரணத்தைச் சின்னத் தலைவன்மீது வீணாக்காமல், ஷேலாண்டைக் கையில் வைத்திருப்பவன்மீது பயன்படுத்துங்கள். வென்றால் அவன் ராஜ்யம் முழுக்க ஒரே போரில் உங்களுடையது. ட்ரோன்டெலாக்கை ஒரு கவுண்டி (சிறு மாவட்டம்) பிடிக்கும் சாதாரணப் போரில் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் போர்க்காரணம் பேகன்களுக்கு எப்போதும் உண்டு. போலி உரிமைப் பத்திரம் தயாராகும்வரை காத்திருக்கும் கிறிஸ்தவ மன்னர்களின் அவஸ்தை இங்கே கிடையாது.

அயர்லாந்தோரம் ஐவார், யார்விக்கில் (இன்றைய யார்க்) ஹாஃப்டன், நோவ்கொரோடில் ரூரிக், நான்ட் நகரில் ஹெஸ்டைன் என்று பேர்போனவர்களை எடுக்க ஆசை வரும். ஆடச் சுவையானவர்கள்தான். ஆனால் புனிதத் தலங்களிலிருந்து தூரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெஸ்டைனைச் சுற்றி முழுக்கக் கிறிஸ்தவர்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நார்ஸின் வருமானம் கொள்ளைதான். படையைத் திரட்டி, படைத் திரையில் கொள்ளைப் பொத்தானை அழுத்தினால் கொடி மாறும். கப்பல் ஒன்றுக்கு 100 பேர் என்ற கணக்கில் ஏற்ற வேண்டும். 800 பேருக்கு 8 கப்பல். கரையில் இறங்கியபின் கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொள்ளைப் பொருள் ஏறுவது அவற்றில்தான். பக்கத்துக் கடல் கட்டத்தில் நிற்க வேண்டும். மாகாணத்தின் கொள்ளைப் பட்டையில் ஒரு பகுதி கோட்டைக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே கிடப்பதை அள்ளியதும் பட்டை நின்றுவிடும், மிச்சத்துக்கு முற்றுகை போட்டாக வேண்டும். முற்றுகையில் சில சமயம் அந்த வீட்டு உறவுகள் சிறைபிடிபடுவார்கள். பிணைத்தொகை கொள்ளையைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. கப்பல் சொந்தக் கரையைத் தொடும்வரை பணம் கஜானாவில் ஏறாது. 'இன்னும் ஒரே ஒரு மாகாணம்' என்று நின்று, திரண்டு வந்த எதிரிப்படையிடம் ஆட்களைப் பறிகொடுப்பதுதான் இதில் வழக்கமான சேதம். நார்ஸ் கப்பல்கள் பெரிய ஆறுகளிலும் ஏறும் என்பதால் செய்ன் வழியே பாரிஸ்வரை போகலாம். அங்கே திரளும் படையும் அதற்கேற்ற அளவில் இருக்கும்.

குறைகளும் உண்டு. நார்ஸ், புல்வெளி நாடோடிகளின் தெங்ரி இரண்டிலும் சமாதானமாக இருந்தால் பிரெஸ்டீஜ் (கௌரவப் புள்ளி) கரையும். கஜானாவை நிரப்பப் பத்தாண்டு அமைதியாக உட்காரும் ஆட்டக்காரருக்கு இவை ஒத்துவரா. இன்னொரு தலைவலி வாரிசுரிமை. மூன்று காமக்கிழத்திகள்வரை வைக்கலாம் என்றதும் மூன்றையும் நிரப்பினால் மகன்கள் ஏழெட்டுப் பேர் ஆவார்கள். சீர்திருத்தம் ஆகும்வரை கேவல்கைண்ட் வகைப் பாகப்பிரிவினையைத் தவிர வேறு சட்டம் கிடையாது. பழங்குடி ஆட்சியின் எலெக்டிவ் கேவல்கைண்ட் இன்னும் மோசம்: இரண்டாவது ராஜ்யத்தின் சட்டபூர்வ நிலத்தில் பாதிக்கு மேல் பிடித்து வைத்திருந்தால், நீங்கள் உருவாக்காத பட்டத்தைக்கூட அதுவே உருவாக்கி இளையவனிடம் கொடுத்து அனுப்பிவிடும். எனவே ஸ்வீடனை முழுதாகப் பிடித்தபின் டென்மார்க்கிலும் நார்வேயிலும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்பது பாதுகாப்பு. புனிதத் தலக் கவுண்டிகள் மட்டும் இருந்தால் சீர்திருத்தத்துக்குப் போதும். அவை சிற்றரசன் கையில் இருந்தாலும் செல்லும். சப்ஜுகேஷனில் நிலம் மொத்தமாக வந்து சேர்ந்துவிட்டால், வயதான மன்னனின் கடைசி வருடங்களில் இந்தக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள்.

ஸ்லாவிய மதம் அனுபவம் உள்ளவர்களுக்கு ஆகச் சிறந்த ஆட்டம் என்பது என் கணிப்பு. சமாதானத்துக்கு அபராதம் இல்லை, தற்காப்பில் கை ஓங்கும். 867-ல் நிலப்பரப்பும் பெரிது. சிக்கல் என்னவென்றால் தலங்கள் பால்டிக் கரையிலிருந்து கிழக்கே வெகுதூரம் சிதறிக் கிடக்கின்றன. கோர்க்க இரண்டு தலைமுறை பிடிக்கும். ருகன் தீவு அவற்றில் ஒன்று. அங்கிருந்த அர்கோனா கோயிலை 1168-ல் டென்மார்க் அரசன் முதலாம் வால்டெமார் இடித்தது வரலாறு. கேமிலும் மேற்கு ஓரத்து ஸ்லாவியர்களுக்கு ஜெர்மானியர்களால் அதே கதிதான் நேரும், பல சமயம் அதைவிட முன்பே. ஆகவே எல்பே ஆற்றங்கரைச் சின்னத் தலைவனை எடுக்காமல் போலந்துப் பக்கம் தொடங்கி, இரு திசையிலும் விரியுங்கள். கொள்ளையடிக்க நார்ஸ் கப்பல் வசதி இல்லை, நிலவழிதான். வருமானம் மெதுவாகத்தான் வரும். கட்டடங்களைப் பொன்னுக்குப் பதில் பிரெஸ்டீஜ் கொடுத்துக் கட்டலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பால்டிக் கரையின் ரோமுவா இதற்கு நேர்மாறு. சின்ன இடம், தலங்கள் நெருக்கம், மூன்றைச் சேர்ப்பது எளிது. ஆனால் ஆள்பலம் குறைவு, மாரல் அத்தாரிட்டியை 50-க்கு ஏற்றுவது நெடிய வேலை. 1066 தொடக்கத்தில் எடுப்பதற்கு இதுதான் சரியான பேகன் மதம். நார்ஸ் அப்போது அநேகமாக அணைந்துவிட்டது. லித்துவேனியர்களோ வரலாற்றில் 1387 வரை தாக்குப்பிடித்தவர்கள். சுவோமெனுஸ்கோ என்னும் ஃபின்னிஷ் மதம் பொறுமைசாலிகளுக்கானது. பரந்த, ஏழ்மையான நிலம். அதைப் பிடிக்க யாரும் அவசரப்படுவதில்லை, அதுவே பலம். வேகம் எதிர்பார்ப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்.

தெங்ரியைப் பற்றிப் பேசுவது என்றால் ஹார்ஸ் லார்ட்ஸைப் பற்றிப் பேசுவதுதான். அந்த டிஎல்சியோடு நாடோடியாக ஆடினால் கேமின் இலக்கணமே மாறிவிடும். காலி மேய்ச்சல் நிலம் கூடினால் மக்கள்தொகை கூடும், அதிலிருந்து குதிரைப்படை. ஊர்களைக் கட்டுவதைவிடக் கொளுத்துவது லாபம். சமவெளியில் உங்கள் முன் நிற்க ஆள் இல்லை. சிக்கல் உள்ளே இருக்கிறது: நிலத்தைச் சரியாகப் பங்கிடாவிட்டால் கீழுள்ள குலங்கள் உடனே முறுக்கிக்கொள்ளும்.

மேற்கு ஆப்பிரிக்க மதத்தின் பெரிய வரம் சஹாரா. வடக்கேயிருந்து முஸ்லிம் அரசுகள் வர நாளாகும், கிறிஸ்தவர்கள் வருவதே இல்லை என்று சொல்லலாம். முதல் ஆட்டத்துக்குப் பயமில்லாத இடம், கொஞ்சம் தனிமையான இடமும்கூட. ஆப்கன் பக்கத்து ஸுன் மதம் கைப்பிடி நிலத்தோடு சவாலுக்காக ஆடுபவர்களுக்கு மட்டும்.

சீர்திருத்தத் திரைக்கு வந்தால் ஹோலி ஃப்யூரி ஒரு இயல்பு, இரண்டு கோட்பாடு, ஒரு தலைமைமுறை என்று கேட்கும். தலைமைக்கு 'டெம்போரல்' எடுத்தால் மன்னனே மதத்தலைவன். மகா மதப்போர் அழைப்பது உங்கள் கையில். நிலம் பிடிக்கும் எண்ணம் இருந்தால் இதை விட்டுவிட்டு வேறு எடுப்பதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. போரில் நிறையக் கைதிகள் சேரும் நார்ஸ், தெங்ரி ஆட்டங்களில் 'ப்ளட்தர்ஸ்டி காட்ஸ்' நல்ல தேர்வு. பிணைத்தொகை தர ஆளில்லாத கைதியைப் பலியிட்டால் பக்தி சேரும். தற்காப்பு ஆட்டம் ஆடும் ரோமுவாவுக்கு அதே கோட்பாடு தண்டம், கைதிகளே அவ்வளவு கிடைக்க மாட்டார்கள்.

சீர்திருத்தம் செய்த அன்றே சில விஷயங்கள் நடக்கும். ஆள் உதிரும் அந்தக் கவசம் போய்விடும், ஏனென்றால் அது சீர்திருத்தம் ஆகாதவர்களுக்கு மட்டும். மதம் மாற மறுக்கும் சிற்றரசர்களும் எல்லைக்கு வெளியே இருக்கும் பழைய உறவுகளும் உங்களை வழிதவறியவராகப் பார்ப்பார்கள். எனவே கஜானாவில் கூலிப்படைக்கான பணம், கிறிஸ்தவ எல்லையில் போர் ஓய்ந்த நிலை, கையில் 500 பிரெஸ்டீஜ் இவை இல்லாமல் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த 500 எதற்கென்றால், பழங்குடி மன்னன் போர்க்காலத்தில் அதைக் கொடுத்து 2,500 பேர் கொண்ட படையை வரவழைக்கலாம். முதல் கலகத்தை அடக்க அதுவே பெரும்பாலும் போதும்.

அடுத்தது நிலப்பிரபுத்துவம். பழங்குடி அமைப்புச் சட்டத்தைக் கடைசிப் படியான 'அப்சல்யூட்' வரை ஏற்றியிருக்க வேண்டும், தலைநகர்க் கோட்டைக் கட்டடத்தையும் உச்சிவரை உயர்த்தியிருக்க வேண்டும். சட்டம் படிப்படியாகத்தான் ஏறும், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உண்டு. ஆகவே புனிதத் தலங்களைத் தேடி ஓடும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். மாறியவுடன் படை எண்ணிக்கை சட்டென்று விழும். பழைய கட்டடங்கள் போய், புதிய கோட்டை காலியாக நிற்கும். முன்பே சேர்த்துவைத்த கொள்ளைப்பணத்தை முதலில் தலைநகரில் கொட்டுங்கள், மற்ற கவுண்டிகள் காத்திருக்கட்டும்.

கடைசியாக, ஆட்டம் தொடங்கும் முன் விதிகள் திரை. வேகமாக நிலம் பிடித்தால் அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்து 'டிஃபென்சிவ் பாக்ட்' போடும். சப்ஜுகேஷனில் ஒரு ராஜ்யத்தையே விழுங்கும் பேகனுக்கு இது கடும் தொல்லை. அதை அங்கேயே அணைத்துவிடலாம். சில விதிகளை மாற்றினால் அச்சீவ்மென்ட் கிடைக்காது என்று அந்தத் திரையே சொல்லும், பார்த்துக்கொள்ளுங்கள்.