ஆரோக்ய சஞ்சீவனி: அறை வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்

தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனை மாறும். எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது. அதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த பொதுப் பாலிசிதான் ஆரோக்ய சஞ்சீவனி. 2020 ஏப்ரலில் வந்தது. யாரிடம் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே, பிரீமியம்தான் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. யாராவது 18 சதவீதம் சேர்த்துக் கணக்குச் சொன்னால் அது பழைய கணக்கு.

சிக்கல் அறை வாடகையில் இருக்கிறது. காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. ஐசியூவுக்கு 5 சதவீதம், உச்சம் 10,000. அதாவது 2.5 லட்சத்துக்கு எடுத்தாலும் 5,000தான், 10 லட்சத்துக்கு எடுத்தாலும் 5,000தான். பெரிய தொகைக்கு எடுத்தால் பெரிய அறை கிடைக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

அறை வாடகை கூடினால் அந்த வித்தியாசத்தோடு போகாது. மருந்து, பரிசோதனை, இம்ப்ளாண்ட் போன்றவை நீங்கலாக, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படும். 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 32,000, டாக்டரும் தியேட்டரும் 1,20,000, மருந்தும் பரிசோதனையும் 80,000, மொத்தம் 2,32,000. வாடகையில் 20,000 ஏற்பார்கள். 1,20,000க்கு எட்டில் ஐந்து பங்கு, 75,000. மருந்துக்கு முழுசாக 80,000. ஆக 1,75,000. அதிலும் இந்தப் பாலிசியில் 5 சதவீதம் நம் பங்கு என்பதால் வருவது 1,66,250. கைக்காசு 65,750. மற்ற கட்டணங்கள் மாறாமல் 5,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் 11,000தான் போயிருக்கும். அட்மிஷன் கவுன்டரிலேயே வாடகையைக் கேட்டு, எழுதி வாங்கிவிடுங்கள்.

இதனால்தான் மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளை நம்பியிருப்பவர்களுக்கு இது நல்ல சரக்கு. சென்னையின் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளுக்குத்தான் போவோம் என்பவர்கள் வாடகை வரம்பில்லாத பாலிசியைப் பார்ப்பது உத்தமம், பிரீமியம் கூடினாலும்.

கண்புரைக்குக் கண் ஒன்றுக்கு 40,000 அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, எது குறைவோ அது. ஆம்புலன்ஸுக்கு 2,000. சித்தா, ஆயுர்வேத உள்நோயாளிச் சிகிச்சைக்கும் முழுத் தொகை வரை உண்டு என்பது பலருக்குத் தெரியாத நல்ல அம்சம். பிரசவம், வெளிநோயாளிச் செலவு கிடையாது.

காத்திருப்பைக் கவனியுங்கள். விபத்து தவிர முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஹெர்னியா, மூலம், கிட்னி கல், கர்ப்பப்பை அகற்றல் போன்றவற்றுக்கு 24 மாதம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு முன்பு 48 மாதம். 2024 விதிகளின்படி 36க்கு மேல் வைக்கக் கூடாது. சுகர், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று டிக் போடுவதுதான் கிளெய்ம் நிராகரிப்புக்கு நாமே கொடுக்கும் காரணம். ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய மறைத்ததைச் சொல்லி மறுக்க முடியாது.

நிபந்தனை ஒன்றே என்பதால் மலிவானதை எடுத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். உங்கள் ஊரில் நீங்கள் உண்மையில் போகும் இரண்டு மருத்துவமனைகள் அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும்) பட்டியலில் இருக்கின்றனவா என்று அங்கேயே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேளுங்கள். இணையத்தில் உள்ள பட்டியல் பழையதாக இருக்கலாம். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையிலிருந்து கட்டி பிறகு வாங்குவதானால், டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகளோடு கிளெய்ம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். நகல் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும்.