தேயிலையில் பச்சை: கண்குத்தியா, விரியனா?

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கு இரண்டு பச்சைப் பாம்புகளும் பழக்கம்தான். கண்குத்திப் பாம்பு கண்ணைத் தேடிக் கொத்தும் என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எல்லோரும் சொல்வார்கள், கதைதான். அதன் லேசான விஷம் ஓணான், பல்லி போன்ற இரைக்குத்தான் ஆபத்து. மனிதருக்குக் கடித்த இடத்தில் வலி, வீக்கம் வரலாம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது பச்சை விரியனுக்கு.

தலையைப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். கண்குத்திக்கு மூஞ்சி ஊசி மாதிரி நீளம், கண்மணி கிடைக்கோடு. உடம்பு கொடி போல மெலிந்து, ஒரு மீட்டருக்கு மேலும் போகும். விரியன் குட்டை, தடிப்பு. தலை முக்கோணம், கண்மணி செங்குத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி.

நிறத்தை நம்பினால்தான் சிக்கல். "கறுப்பு இருந்தால் விரியன்" என்பார்கள். சரி, பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கறுப்பே இல்லாத விரியனும் உண்டு. கண்குத்தியும் மிரண்டால் கழுத்தை உப்பி வாயைப் பிளக்கும். அப்போது செதில்களுக்கு இடையே கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்தே பலர் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள், பாவம்.

கண்குத்தி பகலில் நடமாடும். விரியன் இரவில் இரை தேடும், பகலில் செடிக்குள் அசையாமல் கிடக்கும். அதனால்தான் கடி பெரும்பாலும் கையில் விழுகிறது. வலியும் வீக்கமும் கடுமை. இலங்கையில் வழமையாகப் போடும் இந்திய விஷமுறிவு மருந்து இதற்கென்று செய்ததல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இரத்தம் உறைகிறதா என்று அங்கேதான் பார்ப்பார்கள். இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம்.