பாப்பரா, நிம்ஃபா? வசந்தகாலக் குளத்தில் ப்ளூகில்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ப்ளூகில், ரெட்இயர் என்று எந்த சன்ஃபிஷ் (ஒரு நன்னீர் மீன் குடும்பம்) மாட்டினாலும் ‘ப்ரிம்’ என்றுதான் சொல்வார்கள். உள்ளங்கை அகல மீன். ஆனால் தட்டையான உடம்பைக் குறுக்கே திருப்பி வட்டமடித்து இழுக்கும்போது 3 எண் ஃப்ளை ராடு (செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் மெல்லிய தூண்டில் கோல்) நன்றாகவே வளையும். இதற்கு மிதக்கிற பாப்பரைக் கட்டுவதா, மூழ்குகிற நிம்ஃபைக் கட்டுவதா?

பாப்பர் என்பது தக்கையிலோ ஃபோமிலோ செய்த சின்னத் தலை, பின்னால் கொஞ்சம் இறகு, பக்கவாட்டில் ரப்பர் கால்கள். தண்ணீரில் விழுந்ததும் அலைவட்டம் அடங்கும்வரை அதைத் தொடக் கூடாது. அப்புறம் லேசாக ஒரு சுண்டு. அவசரப்பட்டு இழுத்து நான் கெடுத்துக்கொண்ட மீன்களுக்குக் கணக்கில்லை. மீன் அதை உறிஞ்சும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே பாப்பரைக் கைவிட மனசு வராது.

நிம்ஃபில் இந்த வேடிக்கை எதுவும் கிடையாது. நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய சின்ன உருவம். மூழ்குவதற்கு ஒரு உலோக மணி. ஆழத்துக்கு விட்டு அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். தூண்டில் லைனின் நுனி கொஞ்சம் தயங்கினால் அதுதான் கடி.

ஆனால் முடிவு செய்வது தண்ணீரின் சூடு. மார்ச் மாதக் குளத்தில் 15 டிகிரி செல்சியஸ்கூட இல்லாதபோது மீன் கரையை விட்டு ஆழத்தில் கிடக்கும். பாப்பர் அநாதையாக மிதந்துகொண்டிருக்கும். 20 டிகிரியை ஒட்டி வந்ததும் கதை மாறும். ஆண் ப்ளூகில்கள் கரையோரத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் பறித்து, தேனடை போல நெருக்கமாகக் கூடு போடும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். அப்போது இரண்டுமே எடுபடும். ரெட்இயர் மட்டும் விதிவிலக்கு. நத்தையைத் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும் அடித்தள மீன் அது. மேலே வருவது அபூர்வம். அதற்கு நிம்ஃப்தான்.

இரண்டிலும் தொல்லை உண்டு. கடையில் பேஸ் மீனுக்காக விற்கும் பெரிய பாப்பரை வாங்கிவிட்டால், ப்ளூகில் வந்து வந்து முட்டும், அந்தச் சின்ன வாய்க்குள் நுழையாது. 10 எண் அளவுச் சின்ன முள் போதும். நிம்ஃபை நேர்மாறாகத் தொண்டைவரை விழுங்கிவிடும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையை நசுக்கிவிட்டு, இடுக்கியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டைக் காக்கும் பெரிய ஆண் மீன்களைத் திரும்ப விடுவது நல்லது. அவற்றை அள்ளிவிட்டால் மற்ற ஆண் மீன்கள் சிறு வயதிலேயே முதிர்ந்து, அப்படியே குட்டையாக நின்றுவிடும்.

ஒன்றுதான் என்றால் என் ஓட்டு நிம்ஃபுக்கு. இரண்டும் வேண்டுமென்றால் பாப்பரின் முள் வளைவில் ஒன்றரை அடி தூண்டில் நரம்பு கட்டி நிம்ஃபைத் தொங்கவிடலாம், பாப்பரே மிதவையாகிவிடும். காற்றடித்தால் மட்டும் சிக்கெடுத்தே பொழுது போய்விடும், சொல்லிவிட்டேன். நான் வெயில் இறங்கிக் காற்றும் நின்ற கடைசி அரை மணி நேரத்துக்கு நிம்ஃபை வெட்டிவிட்டு, பாப்பரைத் தனியாக வீசுவேன்.