வெள்ளவத்தை வதிவிட எழுத்துப் பயிலரங்கு: கற்பித்தல் சிறப்பு, அந்தரங்கக் காப்பு அரைகுறை

கொழும்பு, வெள்ளவத்தைக் கடற்கரையோர விடுதியொன்றில் நடைபெற்ற வதிவிடச் சிறுகதைப் பயிலரங்கில் பங்கேற்றேன். தங்குமிடத்திலும் உணவிலும் குறையில்லை; ஒவ்வொருவரின் கதையையும் வரிக்கு வரி வாசித்துத் திருத்தம் சொன்ன பயிற்றுநர்களின் உழைப்பு, செலுத்திய கட்டணத்துக்கு மேலான பெறுமதி உடையது.

என் மனக்குறை வேறு. போரில் காணாமற்போன தமையனைப் பற்றி ஒரு பெண் குரல் தழுதழுக்க வாசித்ததை ஒருங்கிணைப்பாளர் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் காணொளி, அந்தப் பெண்ணின் முகமும் விடுதியின் பெயர்ப்பலகையும் தெளிவாகத் தெரியும்படி, முகநூலில் வெளியாகியிருந்தது. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டுக்கொண்டதும் நீக்கினார்கள் என்பது உண்மையே, ஆயினும் அதற்குள் யார் யார் தரவிறக்கினார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. பங்கேற்பாளர்கள் அங்கேயே தங்கியிருக்கையில் இடத்தைப் பகிரங்கப்படுத்துவது, தனியே வந்த பெண்களுக்குப் பாதுகாப்புப் பிரச்சினையுமாகும்.

கைப்பிரதிகளை வட்ஸ்அப் குழுவில் பகிரச் சொன்னதும் சரியல்ல. மறையும் செய்தி வசதியை 24 மணித்தியாலத்துக்கு அமைத்தாலும், திரைப்பிடிப்பை அது தடுக்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிவு செய்யப்படாத படைப்பையும் பாதுகாக்கிறது. ஆனால் முடிவுறாத கதை கைமாறிய பின் வழக்காட நம்மில் எத்தனை பேருக்கு வசதியுண்டு? அச்சுப் பிரதிகளைக் கொடுத்து, அமர்வு முடிவில் திரும்பப் பெற்றிருக்கலாம்.

பதிவுப் படிவத்தில் ஒளிப்பட அனுமதிக்கென ஒரு கேள்வியைச் சேர்த்தால், அடுத்த பயிலரங்குக்கும் நான் விண்ணப்பிப்பேன்.