புதுக்கோட்டைப் பழைய புத்தகக் கடை: நம்பிப் போகலாம்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற சின்னக் கடைதான். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதுமே கடைக்கார அண்ணன் பரணில் ஏறி, அட்டை கழன்ற ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "உட்கார்ந்து படிச்சுப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்குங்க" என்று ஸ்டூலைப் போட்டு, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார். அம்மன் காசு என்று சொந்தமாகச் செப்பு நாணயம் அடித்த சமஸ்தானம், 1928-இல் ஆறு வயதில் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமான், 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைப்பு, 1971-இல் முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்து வந்த மன்னர் மானியமும் ஒழிந்தது, அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது என்று எல்லாம் அங்கேயே படித்தேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. நடுவில் கைடு வாங்க வந்த பிள்ளைக்குக் காசு குறைய, "மீதியை அப்புறம் கொடும்மா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அதுவே போதும், ஐந்து நட்சத்திரம்.

150 ரூபாய்தான் வாங்கினார், கிழிந்த பக்கங்களைப் பசை வைத்து ஒட்டியும் கொடுத்தார். புத்தகங்கள் வரிசையாக இருக்காது, கேட்டு வாங்குங்கள். ஜிபே உண்டு.